படிச்சு முடிச்சதும் கேள்வி கேக்குறத மொதல்ல நிறுத்துவோம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டு இருந்த விஷயம். நேத்து ஒரு தோழி போன் பண்ணி "எம்புள்ள புக்க பாத்தாலே ஓடுறான்டி, அஞ்சு வயசாகுது, என்ன பண்றதுன்னே தெரியல"ன்னு அழாத குறையா சொன்னா, அதான் இன்னிக்கு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், வீட்ல சின்னப்புள்ளைங்க இருக்கவங்க பொறுமையா படிங்க.

அவகிட்ட நான் ஒண்ணு தான் கேட்டேன், புக்கு எடுத்தா நீ என்ன பண்ணுவன்னு. படிக்க சொல்வேன், தப்பா படிச்சா உடனே திருத்துவேன், முடிச்சதும் கதைல யாரு வந்தா, என்ன கத்துக்கிட்டன்னு கேப்பேன்னா. அவன் ஏன் ஓடுறான்னு எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. நாள் முழுக்க ஸ்கூல்ல பதில் சொல்லிட்டு வர்ற புள்ளைக்கு, வீட்லயும் புக்க தொறந்தா பதில் சொல்லியாகணும்னா எப்படிங்க அது மேல ஆச வரும்?

இதுல நானும் ஒரு பெரிய தப்பு பண்ணிருக்கேன். எம்பொண்ணுக்கு 6 வயசு இருக்கும்போது செவுத்துல ஒரு சார்ட் ஒட்டினேன், ஒரு புக்கு முடிச்சா ஒரு ஸ்டார், பத்து ஸ்டார் சேந்தா ஒரு பொம்மை. மொதல் வாரம் புக்கும் கையுமா தான் இருந்தா, எனக்கு அவ்ளோ சந்தோஷம். அப்புறம் தான் கவனிச்சேன், அலமாரில இருக்கறதுலயே ஒல்லியான புக்கா தேடித்தேடி எடுக்குறா, பக்கத்துக்கு நாலு வார்த்தை இருக்கா, அது போதும். அவளுக்கு உசுரா இருந்த யானை கதை புக்கு தடிமனா இருக்குன்னு அத தொடவே இல்ல. பொம்மை கைக்கு வந்த அன்னியோட சரி, அப்புறம் புக்கு பக்கமே போகல.

ஏன் இப்படி ஆச்சுன்னு தேடிப் படிச்சப்ப தான் தெரிஞ்சுது, லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1973லயே இத காட்டிருக்காங்க. படம் வரையறது ஏற்கனவே புடிச்ச 3லேர்ந்து 5 வயசு புள்ளைங்கள எடுத்துக்கிட்டு, ஒரு குரூப்புக்கு மட்டும் வரைஞ்சா சர்டிபிகேட் தருவோம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு அவங்க இஷ்டத்துக்கு விட்டப்ப அந்த குரூப் தான் மத்தவங்கள விட ரொம்ப கம்மியா வரைஞ்சுது. சொல்லாம கொள்ளாம திடீர்னு பரிசு வாங்குன புள்ளைங்களுக்கு அந்த மாதிரி ஆகல. படிச்சிட்டு தான் சார்ட்ட கிழிச்சேன். யானை புக்க மடில வச்சு நானே படிச்சு காட்ட ஆரம்பிச்சேன், ஒரு கேள்வியும் கேக்கல. அவ பழையபடி திரும்ப பல வாரம் ஆச்சு.

அடுத்தது, ஒரே கதைய திரும்ப திரும்ப கேக்குறாங்கன்னு சலிச்சுக்காதீங்க ப்ளீஸ். ஒருநாள் தூக்கக் கலக்கத்துல ஒரு பக்கத்த தாண்டிட்டேன், அவ கண்ண மூடிட்டே "குட்டி யானை சேத்துல விழுந்தது எங்கம்மா"ங்கறா! அந்த பக்கத்துல இருக்க ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு மனப்பாடம். 2011ல வந்த ஒரு ஆராய்ச்சியும் இதத்தான் சொல்லுது, 3 வயசு புள்ளைங்கள்ல ஒரே கதைய திரும்ப கேட்டவங்க தான், அதே புது வார்த்தைங்கள வேற வேற கதைல கேட்டவங்கள விட நல்லா ஞாபகம் வச்சிருந்தாங்க. நமக்கு தான் போரு, அவங்களுக்கு ஒவ்வொரு வாட்டியும் ஏதோ ஒண்ணு புதுசா புடிபடுது.

தமிழ்ல படிக்க வைக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கு, இத யாருமே பெருசா பேசறதில்ல. நாம வீட்ல பேசுற தமிழ் வேற, புக்குல இருக்க தமிழ் வேற. "போனான்"னு கேட்டு வளந்த புள்ள புக்குல "சென்றான்"னு பாக்குது, எழுத்துக்கூட்டி கஷ்டப்பட்டு படிச்சு முடிச்சாலும் அது காதுல விழுந்தே பழக்கமில்லாத வார்த்தை, அப்புறம் எப்படி ரசிக்கும்? எம்பொண்ணு ஒருநாள் கேட்டா, "சென்றான்னா போனான் தானேம்மா, அப்போ போனான்னே போட வேண்டியது தானே"ன்னு. நியாயமான கேள்விங்க. அதனால நான் மொதல் ரெண்டு மூணு வாட்டி படத்த காட்டி பேச்சு வழக்குலயே கதைய சொல்லிடுவேன், கதை நல்லா பழகினப்புறம் புக்குல இருக்கறத அப்படியே படிப்பேன், அர்த்தம் அவளுக்கே தெரிஞ்சிடும். கொஞ்ச நாள் கழிச்சு ஜன்னல்ல உக்காந்திருந்த பூனைய காட்டி "அம்மா அது திகைச்சு நிக்குது பாரு"ன்னா. எங்க வீட்ல யாரும் திகைச்சுங்கற வார்த்தைய பேசினதே இல்ல, அது புக்குலேர்ந்து தான் வந்துச்சு. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

அப்புறம் புள்ள தானா படிக்க ஆரம்பிச்சதும் "இனிமே நீயே படி"ன்னு கைகழுவிடாதீங்க, நெறைய பேரு பண்றது இதான். 7 வயசு புள்ளைக்கு காதால கேட்டா புரியற கதை ரொம்ப பெருசு, தானா படிக்க முடியறது அத விட கம்மியா தான் இருக்கும், எழுத்த சேத்து வார்த்தையாக்கறதுக்கே சக்தியெல்லாம் போயிடும். அந்த நேரத்துல நாம நிறுத்திட்டா நல்ல கதையும் அதோட நின்னு போகுது. எம்பொண்ணுக்கு இப்போ 9 வயசு, தானா நல்லாவே படிப்பா, இன்னமும் ராத்திரி நான் தான் படிச்சு காட்டுறேன்.

கைக்குழந்தைக்கு என்ன புரியும்னு கேக்காதீங்க, கைக்குழந்தையா இருக்கும்போதே படிச்சு காட்ட சொல்லி அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014லயே சொல்லிருக்கு. கடிச்சாலும் கடிக்கட்டும், கெட்டி அட்டை புக்கா குடுங்க. புக்கெல்லாம் மேல் தட்டுல பத்திரமா அடுக்காம அவங்க கைக்கு எட்டுற எடத்துல, அட்டைப்படம் தெரியற மாதிரி வைங்க, கிழிஞ்சா ஒட்டிக்கலாம். புடிக்கலன்னா பாதில மூடட்டும், நாமளும் அப்படித்தான பண்றோம். காமிக்ஸா இருந்தாலும் சரி, டைனோசர் பேரு மட்டும் இருக்க புக்கா இருந்தாலும் சரி, அதுவும் படிப்பு தான். அப்பாக்களும் படிச்சு காட்டுங்க, இது அம்மா வேலைன்னு விட்டுடாதீங்க.

தோழிகிட்ட கடைசியா சொன்னது இதான், ஒரு வாரத்துக்கு அவன ஒரு வரி கூட படிக்க சொல்லாத, ராத்திரி பத்து நிமிஷம் செல்போன வேற ரூம்ல வச்சிட்டு, அவன் எடுத்துட்டு வர்ற புக்க நீ படி, அவன் குறுக்க பேசினா பேசவிடு, முடிச்சதும் எதுவும் கேக்காம லைட்ட அணைச்சிடு. சரிடின்னு சொல்லிருக்கா. அடுத்த வாரம் போன் பண்றேன்னா.