பொக்காரா விபத்துல விதி எங்க வந்துச்சு?

அந்த வீடியோவை இன்னமும் யாராவது ஷேர் பண்ணிட்டேதான் இருக்காங்க. 2023 ஜனவரி 15, நேபாளத்துல காத்மாண்டுல இருந்து பொக்காரா போன எட்டி ஏர்லைன்ஸ் விமானம், உள்ள ஒரு பயணி லைவ் போட்டுட்டிருக்கும்போதே இடது பக்கம் சாஞ்சு விழுந்துச்சு, 72 பேருமே இறந்துட்டாங்க. ஓட்டிட்டிருந்த பெண் கேப்டனோட கணவரும் பைலட்தான், 2006ல அதே கம்பெனி விமானம் ஜும்லால விழுந்தப்ப இறந்தவர். போதாதா, விதி துரத்துச்சு, ராசி இல்லாதவங்கன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சுட்டாங்க. ராசியாம்! விமானத்தை விழ வெச்ச லீவரை இழுத்தது அவங்க கையே இல்லைங்க.

நடந்தது என்னன்னு விசாரணை ரிப்போர்ட்ல நொடி வாரியா இருக்கு. ஏடிஆர் 72, ரெண்டு ப்ரொப்பல்லர் வெச்ச விமானம். ரெண்டு பைலட்டுக்கும் நடுவுல எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கற பவர் லீவர், அதை ஒட்டி வலது பக்கம் ப்ரொப்பல்லரைக் கட்டுப்படுத்தற கண்டிஷன் லீவர், அதுக்கும் அந்தப் பக்கம் ஃபிளாப்புக்கான லீவர் (ஃபிளாப்னா இறங்கும்போது இறக்கையோட பின்பக்கம் கீழ இறங்கற பலகை). இறங்கறதுக்கு முன்னாடி ஃபிளாப்பை 30 டிகிரிக்கு வைக்கச் சொல்றாங்க கேப்டன், பக்கத்துல இருந்தவர் "ஃபிளாப்ஸ் 30"ன்னு பதிலும் சொல்லிட்டார், அப்ப மணி காலைல 10:56:32. ஆனா ஃபிளாப் அசையவே இல்ல. அவர் கை போனது கண்டிஷன் லீவர் ரெண்டுக்கும், அது ஃபெதர்ங்கிற இடத்துக்குப் போயிருச்சு. ஃபெதர்னா ப்ரொப்பல்லரோட இலைகள் காத்தைத் தள்ளாம காத்து வர்ற திசைக்கே திரும்பி நின்னுக்கும், வானத்துல எஞ்சின் நின்னு போனா இழுவையைக் குறைக்கறதுக்கு வெச்ச ஏற்பாடு அது. இங்க ரெண்டு எஞ்சினும் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு, தள்ளற சக்தி மட்டும் சுத்தமா இல்ல.

எச்சரிக்கை மணி அடிச்சுது. கொஞ்ச நேரத்துல ஃபிளாப் மாறலைன்னு கவனிச்சு அதை சரியாவும் வெச்சுட்டாங்க, அப்பவும் முதல்ல கை போன இடம் எதுன்னு யாரும் திரும்பிப் பார்க்கல. பவர் இல்ல பவர் இல்லன்னு அந்த அம்மா சொல்றாங்க, பவர் லீவரை முழுசா தள்றாங்க, கன்ட்ரோலை பக்கத்துல இருந்தவர்கிட்ட ஒப்படைக்கறாங்க, பவர் இல்லன்னு திரும்பவும் சொல்றாங்க, 10:57:32க்கு எல்லாம் முடிஞ்சு போச்சு. சரியா ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்ங்கிறது அந்த இடத்துல கொஞ்ச நேரம் இல்லைங்க, கண்டிஷன் லீவரை முன்னாடி தள்ள ரெண்டு செகண்ட் போதும்.

பக்கத்துல இருந்தவர் யாருன்னா இன்ஸ்ட்ரக்டர் கேப்டன். புது ஏர்போர்ட்டைப் பழக்கிவிட வந்தவர். என் பார்வையில இதுதான் விஷயமே. ஜூனியர் தப்பு பண்ணா சீனியர் பிடிச்சுடுவார்னு நம்பி ஒரு அமைப்பையே கட்டி வெச்சிருக்கோம், வாத்தியாரே தப்பு பண்ணா யார் பிடிக்கறது? அவர் "ஃபிளாப்ஸ் 30"ன்னு சொன்னா சொன்னதுதான், மீட்டரைப் பார்க்கணும்னு யாருக்கும் தோணாது.

லீவர் குழப்பம் ஒண்ணும் புதுசு இல்ல. ரெண்டாம் உலகப் போர்ல பி-17 குண்டுவீச்சு விமான பைலட்டுங்க தரையிறங்கின பிறகு ஃபிளாப்புக்குப் பதிலா சக்கரத்தை மடக்கிட்டே இருந்தாங்க, அல்ஃபோன்ஸ் சாப்பானிஸ்னு ஒரு உளவியலாளர் வந்து பார்த்துட்டு, ரெண்டு சுவிட்சும் ஒரே மாதிரி பக்கத்து பக்கத்துல இருந்தா கை மாறத்தானே செய்யும்னு சக்கர லீவருக்கு சக்கர வடிவத்துலயும் ஃபிளாப்புக்கு ஆப்பு வடிவத்துலயும் குமிழ் வைக்கச் சொன்னார். இன்னைக்கு வரைக்கும் அந்த வடிவம் விதிமுறையில இருக்கு. ஏடிஆர்லயும் தொட்டா வித்தியாசம் தெரியும். அப்படியும் கை மாறிச்சுன்னா அந்த நேரத்துல மண்டைக்குள்ள எவ்வளவு ஓடிட்டிருந்திருக்கும்னு பாருங்க.

என்ன ஓடிட்டிருந்துச்சுன்னும் ரிப்போர்ட்லயே இருக்கு. ஏர்போர்ட் திறந்தே ரெண்டு வாரம்தான் ஆச்சு. சுத்தி மலை. ரன்வே 12ல இறங்கணும்னா கண்ணால பார்த்துக்கிட்டே நெருக்கமா ஒரு வட்டம் அடிச்சு வரணும். அந்த வட்டத்துல ஆபத்து இருக்குன்னு நேபாள சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோட சொந்தக் குழுவே முன்னாடியே சொல்லியிருக்கு, ஆனா யாரும் அதை சரியா மதிப்பிடல, கம்பெனி முறையா சார்ட் (எப்படி வந்து இறங்கணும்ங்கிற வரைபடம்) போட்டு ஒப்புதல் வாங்கல, சிமுலேட்டர்ல பழக்கவும் இல்ல. காக்பிட்ல தேவையில்லாத பேச்சு இருந்துச்சு, எஸ்ஓபி, அதாவது வகுத்து வெச்ச நடைமுறை, மீறல் இருந்துச்சுன்னும் எழுதியிருக்காங்க, அதையும் மறைக்க வேண்டாம். பைலட் தப்புதான், மறுக்கல. ஆனா அந்த வட்டத்துக்குள்ள அவங்களை அனுப்பினது யாரு?

நேபாளத்துல விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கற அதே ஆணையம்தான் ஏர்போர்ட்டையும் நடத்துது, பரீட்சை எழுதறவனே பேப்பர் திருத்தற கதை. 2013லயே ஐரோப்பிய யூனியன் நேபாள விமானங்களுக்குத் தடை போட்டுச்சு, பொக்காரா விபத்து நடந்தப்பவும் அந்தத் தடை அப்படியேதான் இருந்துச்சு. ஆணையத்தை ரெண்டா பிரிக்கற மசோதாவோ வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே கிடந்துச்சு.