ஓடும் கணினியில் எஃப்எஸ்சிகே வேண்டாம்
"லினக்ஸில் கர்னல் பேனிக் (இயங்குதளத்தின் மையமான கர்னல் பிழையால் நின்றுபோவது) வந்தால், பூட் ஆனதும் ரூட் பார்ட்டிஷனில் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க் பகுதியில்) எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கருவி) ஓட்டினால் போதும்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எழுதும் நிலையில் மவுண்ட் ஆன (அதாவது கணினி பயன்படுத்திக்கொண்டிருக்கும்) டிஸ்கில் ஓட்டினால், கர்னல் நினைவகத்தில் வைத்திருப்பதும் எஃப்எஸ்சிகே டிஸ்கில் மாற்றுவதும் மோதிக்கொள்ளும். சின்னச் சேதம் பெரிதாகிவிடும். போன மழைக்காலத்தில் வேளச்சேரியில் கரண்ட் போய் வந்தபோது, இதே அவசரத்தில் என் ஹோம் ஃபோல்டரையே இழந்தேன். மனசு ஆறவில்லை.

அதற்குப் பதிலாக, லைவ் யூஎஸ்பியில் (டிஸ்கைத் தொடாமல் லினக்ஸ் இயங்கும் பென் டிரைவில்) பூட் செய்து, டிஸ்க் தன் நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். டிஸ்கே தேய்ந்திருந்தால் முதலில் டிடிரெஸ்க்யூ என்ற டிஸ்க் நகலெடுக்கும் கருவியால் நகல், அப்புறம்தான் பழுதுபார்ப்பு, அதுவும் நகலில். ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4 வகை என்றால், மவுண்ட் செய்யாத நிலையில் எஃப்எஸ்சிகே சரி. எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் அதற்கென உள்ள ரிப்பேர் கருவிதான்.