துணியின் ஒரு முனையைப் பிடிக்க ஆளில்லை, கருத்து சொல்ல ஊரே இருக்கிறது

பாப்பாவை நீளத் துணியில் வைத்து நெஞ்சோடு கட்டிச் சுமக்க மூன்று வாரமாகப் பழகுகிறேன். முதல் வாரம் பாப்பாவைத் தொடவே இல்லை, ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சில் வைத்துக் கட்டிக் கட்டி அவிழ்த்தேன். அப்புறம்தான் அவளை வைத்து, அதுவும் கீழே மெத்தை போட்டு, கண்ணாடி முன்னால் நின்று. இவ்வளவும் செய்துவிட்டு இன்று காலை 14-வது வார ஊசிக்குப் போன இடத்தில், காத்திருக்கும் ஹால் முழுக்க ஜனம் இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னைப் பார்த்து, "என்னம்மா இது, ரோட்ல பிச்சை எடுக்கறவங்க மாதிரி" என்றார். மணி மூன்றாகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இன்றைக்குத் தூங்க மாட்டேன்.

ராப் என்கிற இந்தத் துணி 4.6 மீட்டர் நீளம். வீட்டிலேயே கட்டிக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் ஆட்டோவில் உட்கார்ந்தால் முடிச்சு முதுகில் குத்துகிறது, அதனால் அங்கே போய்க் கட்டலாம் என்று நினைத்தேன். தரையில் அப்போதுதான் ஃபினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். நடு அடையாளத்தை நெஞ்சில் வைத்து, இரண்டு பக்கத்தையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் குறுக்காக மாற்றி, தோள் மேல் முன்னால் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யும்போது இரண்டு முனைகளும் தரையில் புரளும், வேறு வழியே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "அக்கா, இந்த முனையை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கைப்பையை மடியில் இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டார். துணி ஃபினாயிலில் நனைந்தது. சரி, துவைத்துக்கொள்ளலாம்.

பாப்பாவை உள்ளே இறக்கினேன். இனிமேல்தான் கஷ்டமே. இது பனியன் துணி மாதிரி இழுத்த இழுப்புக்கு வராது. நெய்த துணி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்தால் கொடுக்காது, மூலைவாட்டில் இழுத்தால்தான் கொஞ்சம் கொடுக்கும். அந்தப் பிடிப்புதான் குழந்தையின் எடையைத் தாங்குகிறது. ஆனால் அதற்காகவே மேல் ஓரம், நடு, கீழ் ஓரம் என்று பிடிப்பிடியாக இழுத்து, முதுகுப் பக்கம் சேர்ந்திருக்கும் தொய்வை எல்லாம் தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து இறுக்க வேண்டும். ஒரு கை எப்போதும் குழந்தை மேல் இருக்க வேண்டும். வீடியோவில் இதைச் செய்து காட்டுபவர் பொம்மையை வைத்துக் காட்டுகிறார். பொம்மை முதுகை வில்லாக வளைத்து அழாது, காலை உதைத்துத் துணியை முழங்காலுக்குக் கீழே தள்ளாது. உட்காரும் இடத்தை எப்படி அமைப்பது என்கிற முக்கியமான கட்டத்தில் அந்த வீடியோ வெட்டி ஓட்டிவிடுகிறது. அதைப் பார்த்து ஏழு தடவை தோற்றேன். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குத்தானே எடுத்தீர்கள், அந்த இடத்தில் ஏன் வெட்டினீர்கள்?

சரி, ஹாலுக்கு வருகிறேன். பத்து நிமிஷம் போராடி, முழங்கால் இரண்டும் பிட்டத்தைவிட உயரமாக வரும்படி உட்காரவைத்து, முகம் கண்ணில் படும்படி, குனிந்தால் உச்சி முகரும் உயரத்தில், முகவாய் நெஞ்சில் அழுந்தாமல் விரல் விட்டுப் பார்த்து, எல்லாம் முடித்து, கீழே குறுக்காக எடுத்து முடிச்சுப் போடும் நேரத்தில்தான் அந்தப் பிச்சைக்காரர் பேச்சு. ஒருவர் ஆரம்பித்தால் போதுமே. "மூச்சு முட்டிடும்" என்று ஒருவர். "காலை இப்படி அகட்டி வெச்சா வளைஞ்சிடும்" என்று இன்னொருவர். பிறந்த குழந்தையின் காலை நீட்டிச் சேர்த்து இறுக்கிச் சுற்றுவதுதான் இடுப்பு மூட்டுக்கு ஆகாது, தவளை மாதிரி அகட்டி வைப்பது மூட்டுக்கு நல்லது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த முதல் அம்மா எழுந்து வந்தார். என்னைக் கேட்கவில்லை. மேல் ஓரத்தில் விரலை விட்டு, "கொஞ்சம் லூசா விடும்மா, பாவம்" என்று இழுத்தார்.

இழுத்தார்! பத்து நிமிஷ இறுக்கம் ஒரே இழுப்பில் போனது. பாப்பா என் வயிறு வரைக்கும் சரிந்துவிட்டாள், தலை துணிக்குள் போய்விட்டது. எதற்குப் பயந்து அவர் இழுத்தாரோ அந்த ஆபத்து அவர் கையால்தான் வந்தது. தொய்வாகக் கட்டினால்தான் குழந்தை உள்ளே சுருண்டு மூச்சுக்குத் தவிக்கும், இறுக்கிக் கட்டினால் இல்லை. அவளை வெளியே எடுத்து நிமிர்த்திப் பார்க்கும் வரை என் உயிர் என்னிடம் இல்லை. அந்த நேரம் பார்த்து டோக்கன் 17 என்று கூப்பிட்டார்கள். நான்தான் 17. துணி காலைச் சுற்றிக் கிடக்க, குழந்தை வீறிட, "ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்றேன். அடுத்து 18 என்றார்கள். கடைசி ஆளாகத்தான் உள்ளே விட்டார்கள்.

பிச்சை எடுப்பவர்கள் மாதிரி என்ற வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நரிக்குறவர் பெண்கள் துணியில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறார்கள். கை இரண்டுக்கும் வேலை இருக்கிறவர்களின் அறிவு அது. மெக்சிகோவில் ரெபோசோ என்கிற நீளச் சால்வையில் கட்டுகிறார்கள், கொரியாவில் பொதேகி என்கிற பட்டை வைத்த போர்வையில் முதுகோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். ஜெர்மனியில் எரிகா ஹாஃப்மன் இரட்டைக் குழந்தைகளைச் சமாளிக்க மெக்சிகோப் பெண்களைப் போலத் துணியில் கட்டிப் பழகி, 1972-ல் இந்தத் துணிக்காகவே டிடிமோஸ் என்று கம்பெனியே தொடங்கினார். நான் பல ஆயிரம் கொடுத்து வாங்கி, வீடியோ பார்த்துத் திணறுகிற வித்தையை, யாரை அவர் கேவலமாகச் சொன்னாரோ அந்தப் பெண்கள் பேருந்து நிலையத்தில் நின்றபடி அரை நிமிஷத்தில் செய்வார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஹாலில் இருந்திருந்தால் கேட்காமலே என் துணியின் முனையைப் பிடித்திருப்பார், எனக்கு அது நிச்சயம்.

கிளம்பும்போது அதே அம்மா, "பேசாம ஒரு தள்ளுவண்டி வாங்கிக்கோ" என்றார். எங்கே தள்ளுவது? எங்கள் தெருவில் நடைபாதை என்று இருப்பது டிரான்ஸ்ஃபார்மரும் டீக்கடை பெஞ்சும் நாலு பைக்கும்தான். அதுகூடப் பரவாயில்லை, எங்கள் கேட்டை மறித்து ஒரு வெள்ளைக் கார் தினமும் நிற்கிறது. இன்று வெயிலில் ஊசி போட்ட குழந்தையோடு இறங்கினால் அங்கேயே நிற்கிறது, பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் நான் பக்கவாட்டில் நுழைந்துதான் வீட்டுக்குள் வந்தேன். எந்த வீட்டுக் கார் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் இவர் வந்ததும் பாப்பாவைக் கொடுத்துவிட்டு நேராகப் போய் அந்தக் கதவைத் தட்டப் போகிறேன்.