982.002 மெகாஹெர்ட்ஸ்

ஏலியன்களோடு நாம் எப்போதாவது பேசுவோமா என்று கேட்டால் உடனே டிரேக் சமன்பாட்டை, அதாவது நம் விண்மீன் மண்டலத்தில் எத்தனை நாகரிகங்கள் இருக்கலாம் என்று போடும் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதில் பாதி எண்கள் யாருக்கும் தெரியாது. போடுகிறவர் மனசுக்குத் தகுந்த விடை வரும். அதைவிட, ஒரு சிக்னல் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்று பார்ப்பது எவ்வளவோ மேல்.

2019 ஏப்ரல் கடைசியில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி, 4.24 ஒளியாண்டு தள்ளியிருக்கும் பிராக்ஸிமா செண்டாரி என்ற நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதிவான தரவில் 982.002 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய கோடு ஒன்று. சில ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கும் சிக்னலை இயற்கை உண்டாக்கி நாம் பார்த்ததில்லை. விண்வெளி வாயு மேகங்கள் லேசர் போல உமிழும் ரேடியோ அலைகளான மேசர்களே சில நூறு ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும்.

முதல் சோதனை: 30 நிமிடம் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும், பிறகு தொலைநோக்கியின் தட்டைத் திருப்பி 5 நிமிடம் வேறு இடம், மறுபடி நட்சத்திரம். பக்கத்து ஊர் செல்போன் கோபுரம் என்றால் திருப்பினாலும் சிக்னல் மறையாது. இது மறைந்தது. அடுத்தது நகர்வு. சிக்னல் வேறொரு கோளிலிருந்து வந்தால், அந்தக் கோள் சுற்றும்போது சிக்னலின் அலைவரிசை மெல்ல மாற வேண்டும். இது நொடிக்கு 0.038 ஹெர்ட்ஸ் மாறியது. இரண்டிலும் பாஸ்!

மாட்டியது மூன்றாவதில். வேறு அலைவரிசைகளிலும் அச்சு அசலாக அதே நகர்வோடு சுமார் 60 சிக்னல்கள் கிடந்தன, தட்டைத் திருப்பிய நேரத்திலும்கூட. அவற்றின் அலைவரிசை இடைவெளிகளை அளந்தால், மின்னணுக் கருவிகளில் சீரான துடிப்பை உண்டாக்கும் சாதாரண ஆசிலேட்டர்களின் அலைவரிசை மடங்குகள். இரண்டு மூன்று அலைகள் கலந்து பிறந்த போலி அது. இதைத் தேடல் குழுவினரே 2021-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்குத் தலைவணங்க வேண்டும். இதே பார்க்ஸில் வருஷக்கணக்காகக் குழப்பிய இன்னொரு சிக்னல், ஓடும்போதே கதவு திறக்கப்பட்ட மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து வந்தது என்று 2015-ல் தெரிந்தது.

"இத்தனை வருஷம் தேடியும் ஒன்றுமில்லையே" என்பவர்களுக்கு: 2018-ல் போட்ட ஒரு கணக்குப்படி, தேட வேண்டியது பூமியின் கடல்கள் அத்தனையும் என்றால், இதுவரை துழாவியது ஒரு சின்ன நீச்சல் குளம் அளவு. இதை வைத்து யாரும் இல்லை என்று தீர்ப்பு எழுத முடியாது.

ஆனால் கண்டுபிடிப்பது வேறு, பேசுவது வேறு. பிராக்ஸிமாவுக்கே கேள்வி போய்ப் பதில் வர எட்டரை வருஷம். 1974-ல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 நட்சத்திரக் கொத்துக்கு அனுப்பிய செய்தி போய்ச் சேரவே சுமார் 25,000 வருஷம் ஆகும். உரையாடலுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஒருவழியாகக் கேட்பதற்குத்தான் வாய்ப்பு.

ஆகவே உழைப்பும் பணமும் போலியைக் களையும் வேலைக்குப் போக வேண்டும். அயர்லாந்திலும் ஸ்வீடனிலும் உள்ள லோஃபார் ரேடியோ தொலைநோக்கி நிலையங்கள் ஒரே நேரத்தில் ஒரே வானத்தைப் பார்த்தன. ஒரு ஊரின் இரைச்சல் அடுத்த ஊரில் கேட்காது. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்குகளை அலசி 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். சிக்னல் இல்லைதான். ஆனால் அடுத்த 982.002 வரும்போது, அது உள்ளூர்ச் சரக்கா என்று கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆகாது.