தட்டுங்கள், தப்பில்லை, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்

"சார், முகத்துல தட்டுனா பயம் போகுமா?" இப்போதெல்லாம் வேதியியலைவிட இந்தச் சந்தேகத்தைத்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். விரலால் தட்டிப் பயத்தைக் குறைக்கும் இ.எஃப்.டி. (எமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்) என்ற முறையைப் பற்றி, கேரளத்தில் பாறசாலைப் பக்கம் யாரோ மலையாளத்தில் போட்ட வீடியோ, எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டி மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் என்று ஒவ்வொரு குடும்பக் குழுவாக ஏறி இறங்கிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் கேட்கிறார்கள், சர்ச் வாசலில் கேட்கிறார்கள், மீன் வாங்கப் போன இடத்திலும் விடவில்லை. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாது என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன். நான் மருத்துவன் இல்லை, பிளஸ் டூ வாத்தியார். இதைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தேடிப் படித்திருக்கிறேன், பிள்ளைகள் தட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சுக்கு மதிப்பு.

முறை எளிதுதான். மனதை உறுத்தும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். "எனக்கு எல்லாமே பயம்" என்று மொத்தமாகச் சொன்னால் வேலைக்காகாது. "நாளைக்கு பேங்க் மேனேஜர் முன்னால உக்காரணும்" என்கிற மாதிரி குறிப்பாக இருக்க வேண்டும். அந்தப் பயம் 0 முதல் 10 வரை எவ்வளவு என்று ஒரு எண் போட வேண்டும். பயத்துக்கு எண் போடும் பழக்கம் தட்டுகிறவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் 1960களிலேயே கொண்டுவந்தது. அப்புறம் உள்ளங்கையின் ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, மறுகை விரல்களால் தட்டிக்கொண்டே "எனக்கு இந்தப் பயம் இருந்தாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பிறகு புருவத்தின் தொடக்கம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, முகவாய்க் குழி, காறை எலும்புக்குக் கீழே, அக்குளுக்கு நாலு விரல்கடை கீழே, உச்சந்தலை என்று இரண்டு விரலால் ஐந்தாறு தட்டு. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி எண். குறைந்திருந்தால் சரி, குறையவில்லை என்றால் இன்னொரு சுற்று. இவ்வளவுக்கு மேல் இதில் ரகசியம் எதுவும் இல்லை. ரகசியம் இருக்கிறது என்று சொல்பவர் உங்கள் பர்ஸைப் பார்த்துப் பேசுகிறார்.

வேலை செய்கிறதா? செய்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் செய்முறைத் தேர்வு நாளில் ஒரு பெண் பிள்ளை ஆய்வகத்துக்குப் பின்பக்கச் சுவரோரம் நின்றிருந்தாள். உள்ளே பியூரெட் என்ற, துளித்துளியாக விடும் கண்ணாடிக் குழாயில் பெர்மாங்கனேட், கூம்புக் குடுவையில் ஃபெரஸ் உப்பு. கை நடுங்கினால் அதன் திருகு ஒரு நூல் கூடுதலாகத் திறந்துவிடும். வெளிர் இளஞ்சிவப்பில் நிற்க வேண்டியது கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும். மாதிரித் தேர்வில் அவளுக்கு அப்படித்தான் ஆனது. வீடியோவில் வந்த வாசகத்தை எல்லாம் விட்டுவிட்டு, காறை எலும்புக்குக் கீழே தட்டிக்கொண்டு "கை நடுங்குது, நடுங்கிட்டுப் போட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் எட்டு என்றாள், கொஞ்ச நேரம் கழித்து நாலு என்றாள். உள்ளே போனாள். கடைசித் துளிகளை ஒவ்வொன்றாக விட்டதைப் பார்த்தேன், நிறம் சரியான இடத்தில் நின்றது. எனக்கு அவள் சொன்ன வாக்கியம்தான் பிடித்திருந்தது.

அந்த நாலு, தட்டியதால் வந்ததா? இங்கேதான் வாத்தியார் புத்தி எட்டிப் பார்க்கிறது.

இதன் பூர்வீகம் அமெரிக்கா. ரோஜர் கேலஹன் என்ற உளவியலாளர், தண்ணீரைக் கண்டால் நடுங்கும் ஒரு பெண்ணுக்கு 1980 வாக்கில் கண்ணுக்குக் கீழே தட்டிப் பார்த்ததாகவும் பயம் விட்டுப்போனதாகவும் சொன்னார். சீன அக்குபங்சரின் நாடிப் பாதைகளை வைத்து, ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒவ்வொரு வரிசை என்று ஒரு முறையை உண்டாக்கினார். அவரிடம் கற்றுக்கொண்ட கேரி க்ரெய்க், ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தவர். எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே வரிசை போதும் என்று சுருக்கி 1990களில் ஊரெங்கும் பரப்பினார். அதைத்தான் இன்று இ.எஃப்.டி. என்கிறார்கள். கவனித்தீர்களா? குருவுக்கு வரிசை முக்கியம். சீடர் வரிசையையே தூக்கிப் போட்டார், அப்படியும் பலன் வந்தது என்கிறார். அப்படியானால் எங்கே தட்டுகிறோம் என்பதில் பெரிதாக என்ன இருக்கிறது?

இதே சந்தேகம் வெய்ட், ஹோல்டர் என்ற இரண்டு ஆய்வாளர்களுக்கு வந்தது. 2003இல் வெளியான அவர்களது ஆய்வில், உயரத்தைக் கண்டு பயப்படும் மாணவர்களைப் பிரித்து ஒரு குழுவை முறைப்படியான புள்ளிகளில் தட்டச் சொன்னார்கள். இன்னொரு குழுவைக் கையில் சம்பந்தமில்லாத இடங்களில் தட்டச் சொன்னார்கள். மூன்றாவது குழு ஒரு பொம்மையைத் தட்டியது. நான்காவது குழு தட்டவே இல்லை. தட்டிய மூன்று குழுவுக்கும் பயம் குறைந்தது. பொம்மையைத் தட்டியவர்களுக்கும்தான்! தட்டாத குழுவுக்கு அப்படிக் குறையவில்லை. பிளாங்க், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெற்றுச் சோதனை, வைக்காமல் கொண்டுவரும் ரீடிங்கை என் ஆய்வகத்தில் நான் ஏற்றுக்கொள்வதில்லை. இந்த ஆய்வு பிளாங்க் வைத்துச் செய்தது, அதனால் எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2012இல் 83 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு தடவை தட்டல் செய்தவர்களுக்கு, மன அழுத்தத்தில் ஏறும் கார்டிசால் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. பேச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கும் சும்மா ஓய்வெடுத்தவர்களுக்கும் 14 சதவீதம் அளவில்தான் குறைந்தது. வீடியோக்காரர்கள் இதைத்தான் எல்லா இடத்திலும் காட்டுகிறார்கள். ஆய்வை முன்னின்று நடத்திய டாசன் சர்ச் இந்த முறையைக் கற்பித்துப் பிழைப்பவர் என்பதைக் காட்டுவதில்லை. 2016இல் பதற்றம் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் நன்றாக நிலைபெற்ற சிகிச்சைகளோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது போதாது. மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல், பழைய அதிர்ச்சி கொடுங்கனவுபோல் திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு (பி.டி.எஸ்.டி.) இதை ஆராய்ந்து பாருங்கள் என்று சொன்னதே தவிர, சிகிச்சையாகக் கொடுங்கள் என்று சொல்லவில்லை.

என் கணக்கு இது. பயத்தைப் பெயர் சொல்லி அழைக்கிறோம், அதைவிட்டு ஓடாமல் ரெண்டு நிமிஷம் அதன்கூட உட்கார்ந்திருக்கிறோம், கைக்கு ஒரு வேலை கொடுக்கிறோம், மூச்சு தானாகச் சீராகிறது. பலன் அங்கிருந்து வருகிறது. நாடியில் அடைபட்ட சக்தி திறந்துகொள்கிறது என்ற கதையை நான் நம்பவில்லை. கதையை நம்பாமலும் தட்டலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

"இது நம்ம வர்மம்தானே சார்?" குமரி மாவட்டத்தில் இதைக் கேட்காமல் விடுவார்களா! இல்லை ஐயா. வர்மம் என்பது உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகள், மொத்தம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. ஆசானிடம் வருடக்கணக்கில் நின்று கற்பது, அடிபட்டால் இளக்கவும், அதாவது பாதிப்பை எடுத்துவிடவும், தெரிந்திருக்க வேண்டியது. இது முகத்தில் மெல்லத் தட்டிக்கொள்ளும் சின்னப் பயிற்சி, வேரும் வேறு. எனக்குப் பழக்கமான ஆசான் ஒருவரிடம் வீடியோவைக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஃபீஸ் உண்டா மக்கா?" என்று மட்டும் கேட்டார். வர்மத்தின் பெயரைச் சொல்லி இதை விற்பவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. அதை நம்பிக் கழுத்திலும் நெஞ்சிலும் ஓங்கித் தட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

விசுவாசத்துக்கு விரோதமா என்று ஒரு அம்மா கேட்டார். இதில் சாமியும் இல்லை, மந்திரமும் இல்லை. ஜெபம் செய்கிறவர் ஜெபம் செய்துகொண்டே தட்டட்டும்.

சரி, எனக்கு உறுத்துவது எது என்று சொல்கிறேன். இது ஏன் நம் ஊரில் இவ்வளவு வேகமாகப் பரவியது? வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம், யாருக்கும் தெரியாது, அதனால்தான். மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போனால் நம் பக்கத்தில் அடுத்த நிமிஷம் வரும் பேச்சு "ஊளம்பாறைக்குக் கொண்டு போகணுமா?" என்பதுதான். திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயர் எல்லைக்கு இந்தப் பக்கமும் வசவாகிவிட்டது. பல்வலிக்கு டாக்டரிடம் போவதைச் சொல்லிக்கொள்கிறோம். தூக்கமில்லாமல் மாசக்கணக்கில் தவிப்பதைச் சொந்த மயினியிடம்கூடச் சொல்வதில்லை. தட்டல் அந்த வெட்கத்துக்கு ஒரு மறைவிடமாக ஆகிவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஆன்லைன் வகுப்பு எடுத்தவர் "இனி மாத்திரை எதுக்கு?" என்று கேட்டாராம். அந்த அக்கா மனச்சோர்வுக்கான மாத்திரையை மறுநாளே நிறுத்திவிட்டார். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமே இல்லை. அந்த மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் இப்படி வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வகுப்பு எடுத்தவரோ "உடம்புல இருந்து விஷம் வெளியேறுது" என்றாராம்.

நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால் தட்டிக்கொண்டு உட்காராதீர்கள். பதற்றமாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். முதலில் ஈ.சி.ஜி., மற்றதெல்லாம் அப்புறம்.

பெரிய காயங்களுக்கு இதைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்பேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் எத்தனை வீடுகளில் கடலுக்குப் போன ஆள் திரும்பவில்லை என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு நினைவைப் பிடித்து வைத்துக்கொண்டு தட்டினால், கட்டி வைத்திருந்ததெல்லாம் உடைந்து வரலாம். பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். அவர் யார் என்று கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும். வாரக்கடைசி வகுப்பில் வாங்கிய சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பவருக்கு அது இருக்காது.

இன்னொன்று. எல்லாத் துயரமும் மனசுக்குள்ளிருந்து வருவதில்லை. குலசேகரம் பக்கம் மழை விடாமல் அடித்தால் ரப்பர் பால்வெட்டு நிற்கும், பால்வெட்டு நின்றால் கூலி நிற்கும், சுய உதவிக் குழுவின் தவணை மட்டும் நிற்காது. அந்த வீட்டுப் பெண்ணிடம் போய் "உங்கள் எதிர்மறை எண்ணத்தைத் தட்டி வெளியேற்றுங்கள்" என்று சொல்பவரை எந்தப் புள்ளியில் தட்டுவது என்றுதான் எனக்குத் தோன்றும். தவணைக்கு அவகாசம் கேட்கப் போகும் முன் கைநடுக்கம் குறைய வேண்டுமானால் தட்டிக்கொள்ளலாம். அவகாசம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பணம் கட்டிப் படிக்கலாமா என்பவர்களுக்கு: வேண்டாம். மேலே எழுதியிருப்பதுதான் முழுப் பாடமும்.

பேச ஆள் வேண்டும் என்றால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

கடைசியாக, மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி கேட்டது: நைட் டூட்டி முடிந்து வந்தாலும் தூக்கம் வரவில்லை, தட்டலாமா? தட்டு பிள்ளே, போனைத் தூரமாக வைத்துவிட்டுத் தட்டு. டூட்டியில் குடிக்கும் கடைசி டீயையும் விட்டுப் பார். காரணமில்லாமல் அழுகையும் சேர்ந்து வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்குத் தட்டல் போதாது, நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே டாக்டரைப் பார். அங்கே தெரிந்துவிடும் என்று கூச்சமாக இருந்தால் லீவில் வரும்போது சொல். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் ஓ.பி. சீட்டு எடுக்க நானும் உன் டீச்சரம்மாவும் கூட வருகிறோம்.