கேரம் போர்டில் ஒரு போர்

(தரையில் கேரம் போர்டு. கறுப்புக் காய் லிபியாவை ஆண்ட கடாஃபியின் டாங்கி, வெள்ளைக் காய் கிளர்ச்சிக்காரர்கள், ஸ்ட்ரைக்கர் போர் விமானம். இடம் லிபியா, வருஷம் 2011. ஸ்ட்ரைக்கர் மாமா கையில். எதிரே தேவகி.)

மாமா: பாரும்மா, பெங்காசி நகரத்துல ஜனம் எழுந்துடுச்சு. "சந்து சந்தா, வீடு வீடா வருவேன்"னு கடாஃபி டிவியில மிரட்டுறான். விமானத்தை அனுப்பினா ரெண்டே நாள்ல வேலை முடிஞ்சுது.

தேவகி: யார் அனுமதி கொடுத்தது?

மாமா: நியாயத்துக்கு எதுக்கும்மா அனுமதி?

தேவகி: ஐ.நா. பாதுகாப்பு சபையில 15 நாடு. 9 ஓட்டு வேணும். நிரந்தர உறுப்பினர் அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட வேணாம்னு கை தூக்கக் கூடாது. மார்ச் 17-ல 1973-ம் தீர்மானத்துக்கு 10 பேர் சரின்னாங்க, 5 பேர் நடுநிலை. ரஷ்யா, சீனா, ஜெர்மனி, பிரேசில், நம்ம இந்தியா.

மாமா: எதிர்த்து ஆளே இல்லை. அப்புறம் என்ன? (சுண்டுகிறார்.) போச்சு ஒரு டாங்கி!

தேவகி: அது அப்படியேதான் நடந்தது. 19-ம் தேதி, பெங்காசியை நெருங்கின வண்டிகளை பிரெஞ்சு விமானம் முதல்ல அடிச்சுது. அது வரைக்கும் நானும் உங்க கட்சிதான். அடுத்து?

மாமா: விமானம் பறக்கத் தடை. மீறிப் பறந்தா சுடுவோம். அவ்வளவுதானே?

தேவகி: உங்க விமானத்தை அவங்க ஏவுகணை சுடாம இருக்கணுமே! ரேடார், ஏவுகணைத் தளம், கட்டளை மையம் எல்லாத்தையும் முதல்ல உடைக்கணும். அன்னைக்கே கப்பல்லேர்ந்தும் நீர்மூழ்கியிலேர்ந்தும் 110-க்கு மேல டோமஹாக் ஏவுகணை போச்சு. பறக்காதேன்னு சொல்றதுக்கே அவ்வளவு.

மாமா: ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கலாம்.

தேவகி: எரிபொருள்? இத்தாலியிலேர்ந்து கிளம்பற விமானம் கடல் தாண்டி வந்து, மணிக்கணக்குல மேலேயே சுத்திக் காவல் காக்கணும். நடுவானத்துல ஊத்தறதுக்கு டேங்கர் விமானம் பெரும்பாலும் அமெரிக்காகிட்டதான். ஜூன்ல அவங்க பாதுகாப்பு மந்திரி ராபர்ட் கேட்ஸே மேடையில புலம்பினார். 11 வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள கூட்டாளிங்க பல பேருக்குக் குண்டு பத்தலையாம்.

மாமா: கைமாத்து வாங்கிக்கலாம். இப்போ ப்ரேகா ஊர்ல அடிக்கிறேன் பார்.

தேவகி: நில்லுங்க, அது வெள்ளை!

மாமா: டாங்கிதானே?

தேவகி: டாங்கிதான். ஆனா கிளர்ச்சிக்காரங்க ராணுவத்துகிட்டேர்ந்து பிடிச்சது. மேலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே சோவியத் வண்டி. ஏப்ரல் 7-ல ப்ரேகா பக்கத்துல நேட்டோ, அதான் அமெரிக்கா, ஐரோப்பா நாடுகளோட ராணுவக் கூட்டணி, இப்படித்தான் அவங்களையே அடிச்சுது. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி யாரோ சந்தோஷத்துல வானத்தைப் பார்த்துச் சுட்டுட்டாங்க. விமானம் திருப்பி அடிச்சுது. 13 பேர் போயிட்டாங்க.

(மாமா ஸ்ட்ரைக்கரைக் கீழே வைக்கிறார்.)

தேவகி: அப்புறம் அடையாளத்துக்கு வண்டிக் கூரையில ரோஸ் பெயின்ட் அடிச்சாங்க.

மாமா: அதுக்கு ரெட்டு இருக்கே!

தேவகி: ஒண்ணுதான் இருக்கு மாமா.

மாமா: சரி, தரைப்படையை இறக்குறேன்.

தேவகி: எந்த வடிவத்திலேயும் வெளிநாட்டு ஆக்கிரமிப்புப் படை கூடாதுன்னு தீர்மானத்துலயே இருக்கு. நூத்துக்கணக்குல ஆள் இறக்கினதை கத்தார் மட்டும் அக்டோபர்ல வாய்விட்டு ஒத்துக்கிச்சு. அது எந்த வடிவமோ!

மாமா: கடாஃபியைக் கீழே இறக்கணும்னு இருக்கா?

தேவகி: இல்லை. ஜனங்களைக் காப்பாத்தணும்னுதான் இருக்கு. ஆனா ஏப்ரல் நடுவுலேயே அமெரிக்காவோட ஒபாமா, பிரிட்டனோட கேமரன், பிரான்ஸோட சர்கோசி மூணு பேரும் சேர்ந்து பத்திரிகையில எழுதிட்டாங்க, அவர் போகணும்னு. காப்பாத்தறது கவிழ்க்கறதா மாறினது அங்கேதான். அதை மனசுல வச்சிருந்து, அக்டோபர்ல சிரியா விஷயம் வந்ததும் ரஷ்யாவும் சீனாவும் வேணாம்னு கை தூக்கி வீட்டோ போட்டுடுச்சு.

மாமா: நான் ரெண்டு நாள்னேன். கடைசியில எவ்வளவு ஆச்சு?

தேவகி: நேட்டோ கணக்குல மட்டும் ஏழு மாசம். விமானங்க 26,000 தடவைக்கு மேல கிளம்பியிருக்கு. அக்டோபர் 20-ல சிர்த் ஊர்ல கடாஃபி செத்தார், 31-ல நேட்டோ மூட்டை கட்டிடுச்சு.

மாமா: ஜெயிச்சாச்சு! காயை எல்லாம் டப்பாவுல போடு.

தேவகி: எந்த டப்பாவுல? தோள்ல வச்சு விமானத்தைச் சுடற ஏவுகணை மட்டும் கடாஃபிகிட்ட சுமார் 20,000 இருந்ததா அமெரிக்காவே சொல்லிச்சு.

மாமா: கிடங்கைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கணும்.

தேவகி: கதவே இல்லை. பூட்ட வேண்டிய போலீசும் ராணுவமும் சிதறிப் போச்சு. கடாஃபிகிட்ட வேலை பார்த்த துவாரெக்ங்கற பாலைவன இனத்து வீரர்கள் ஆயுதத்தோட மாலி நாட்டுக்குப் போனாங்க. 2012 ஜனவரியில அங்கே சண்டை. லிபியாவுக்கு 2014-ல ரெண்டு அரசாங்கம்.

(மாமா கறுப்பையும் வெள்ளையையும் நடுவில் குவிக்கிறார். பிரிக்கப் பார்க்கிறார். விட்டுவிடுகிறார்.)

மாமா: இந்தா ஸ்ட்ரைக்கர். நான் நடுநிலை.

தேவகி: அங்கே ஏற்கனவே அஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க. கொஞ்சம் நகரச் சொல்லட்டுமா?