ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு தீர்ப்பு

நண்பர் எழுதிய அந்த நான்கு வரி விமர்சனத்தையும், அதன் கீழே நான் இட்ட ஒற்றைக் கேள்வியையும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுநாள் அவர் தனிப்பதிவாகப் போட்டதையும் இங்குள்ள பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள் என்பதால், கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. 'டோக்கியோ ஸ்டோரி' என்ற ஜப்பானியப் படத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், "செம லேக், 1.5 வேகத்தில் ஓட்டித்தான் முடித்தேன்" என்று ஒரு குறிப்பு. வேகமாக ஓட்டி முடித்த படத்துக்கு எப்படி மதிப்பெண் போட்டீர்கள் என்று கேட்டேன். அவ்வளவுதான். 'உலக சினிமா வாத்தியார்' என்ற பட்டம் எனக்கு அதற்குத்தான் கிடைத்தது.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 1953இல் யசுஜிரோ ஓசு எடுத்த அந்தப் படத்தின் நீளம் 136 நிமிடங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய 91 நிமிடங்களில் முடிந்துவிடும். முக்கால் மணி நேரம் மிச்சம். அந்த மிச்சத்தில் எதெல்லாம் போயிற்று என்பதுதான் என் கேள்வி. பிள்ளைகளுக்கு நேரமில்லாததால் அட்டாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பப்பட்ட முதிய தம்பதி, கடலோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிளம்பலாம் என்று எழும்போது அந்தத் தாய்க்குத் தலை சுற்றி ஒரு கணம் தடுமாறுகிறது. அதை அண்மைக் காட்சியில் பெரிதாக்கிக் காட்டவில்லை, இசையால் எச்சரிக்கவும் இல்லை. பிற்பாடு அவர் இறக்கும்போது அந்தத் தடுமாற்றம் நினைவுக்கு வரவேண்டும் என்பதற்காகவே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. வேகமாக ஓட்டியவருக்கு அது ஒரு பாட்டி எழுந்து நின்ற காட்சி மட்டுமே. தரையில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு இறங்கி, அநேகமாக அசையாமலேயே இருக்கும் கேமராவும், காட்சிகளுக்கு நடுவே வரும் ஆளில்லாத புகைபோக்கிகளும் காயும் துணிகளும் நேரத்தைக் கடத்தச் செருகியவை அல்ல. பார்ப்பவர் சற்று மூச்சு வாங்க விடப்பட்ட இடங்கள். அவற்றையெல்லாம் சுருக்கிவிட்டு, படத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நான் என்ன பதில் சொல்வது?

இதை ஏதோ பிறவி ஞானத்தால் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். கல்லூரியில் படித்தபோது, திரையிடல் ஒன்றில் பார்த்த மௌனப் படத்தைக் கிண்டலடித்துச் சுவர்ப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதியவன் நான். சவ ஊர்வலத்தில் போகிறவர்கள் வெந்நீர் ஊற்றிய எறும்புகளைப் போல ஓடுகிறார்கள், இதையா சோகக் காவியம் என்கிறீர்கள் என்று கேட்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் மிதந்துகொண்டிருந்தேன். பேராசிரியர் ஒருவர் மட்டும் படித்துவிட்டு, "எந்த வேகத்தில் ஓட்டினார்கள், தம்பி?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. பேசும் படம் வந்த பிறகுதான் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்பது நிலைபெற்றது என்பதும், அதற்கு முன்பு கையால் சுழற்றிய கேமராக்களில் பல படங்கள் 16, 18, 20 என்று குறைந்த வேகங்களில் எடுக்கப்பட்டவை என்பதும், அவற்றை 24இல் ஓட்டினால் துக்க வீட்டுக்காரர்கூடக் கோமாளியாகிவிடுவார் என்பதும் அவர் விளக்கிய பிறகே தெரிந்தது. அந்தத் தாளைச் சுவரிலிருந்து நானே கிழித்தேன். யாரும் என்னை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை.

ரசனை அவரவர் உரிமை என்பார்கள். சரி, மறுக்கவில்லை. பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அது உங்களைப் பற்றிய செய்தி. ஐந்துக்கு இரண்டு என்பது படத்தைப் பற்றிய தீர்ப்பு, அதற்குப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பழைய படம் என்பதற்காகச் சலுகை கேட்கிறேனா? இல்லவே இல்லை. 'அந்தக் காலத்துக்குப் பரவாயில்லை' என்று முதுகில் தட்டிக்கொடுப்பது எனக்கு 'லேக்' என்ற வசவை விடவும் எரிச்சலூட்டுவது. அந்தப் படத்துக்கு யாருடைய கருணையும் தேவையில்லை, அதன் சொந்த வேகத்தில் ஓட விட்டால் போதும்.

நிபுணர்களே மாறுகிறார்களே என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ், எக்காலத்துக்குமான சிறந்த படங்களைத் தேர்ந்தெடுக்கப் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில் 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' முதலிடத்தில் இருந்தது, 2012இல் 'வெர்டிகோ' வந்தது, 2022இல் ஷான்டால் அகெர்மானின் 'ஜீன் டீல்மன்' வந்தது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடைசிப் படம் 201 நிமிடங்கள் ஓடுவது. ஒரு பெண் வீட்டு வேலை செய்வதை நிதானமாகக் காட்டிக்கொண்டே வந்து, ஒருநாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துபோகும்போது நம் வயிற்றைக் கலக்குவது. அதைத் தாவித் தாவிப் பார்த்தவர்கள் முதலிடத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

"நீ மட்டும் திகில் படங்களை மதித்தாயா?" என்று என் பழைய பதிவொன்றைத் தோண்டி எடுத்துவந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆம், வேற்றுக்கிரகக் கொடூர உயிர் ஒன்றைப் பற்றிய 'தி திங்' படத்தை "கொழகொழப்பும் அலறலும்" என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தேன். 1982இல் அது வெளிவந்தபோது விமர்சகர்கள் பலரும் ஏறக்குறைய அதையேதான் செய்தார்கள்; அன்பே உருவான வேற்றுக்கிரகவாசியோடு 'ஈ.டி.' வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நான் எழுதியது தவறாகவே இருக்கட்டும். ஆயினும் முழுப் படத்தையும் உரிய வேகத்தில் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தவறைச் செய்தேன். (பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது கணக்கில் வராது.) இதையும் அதையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

வாத்தியார் என்றது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அந்த நண்பர் ஈரானியப் படம் ஒன்றைப் பார்க்க விரும்பி, துணைவசனம் வாய் அசைவுக்கு முன்னும் பின்னும் ஓடுகிறது என்று நொந்துகொண்டபோது, ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து வரிவரியாக நேரத்தைச் சரிசெய்து அனுப்பியவன் நான். அன்று அவருக்கு நான் வாத்தியாராகத் தெரியவில்லை. அந்தப் படத்தை எந்த வேகத்தில் பார்த்தார் என்று கேட்க இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.